சோளக்காட்டுக் கல்லூரியும் இரண்டு குடியரசுகளும்

1966 ஜனவரி 15. நைஜீரியாவில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. பிரதமர் அபூபக்கர் தஃபாவா பலேவா கொல்லப்பட்டார். குடியரசுத் தலைவர் நம்டி அசிகிவே அன்றைக்கு நாட்டில் இல்லை. உயிர் தப்பியது, பதவி போயிற்று. நாற்பது நாள் கழித்து, பிப்ரவரி 24 அன்று, கானாவிலும் அதே கதை. குடியரசுத் தலைவர் குவாமே நிக்ருமா ஹனோய்க்குப் போகும் வழியில் பீகிங்கில் இருந்தபோது செய்தி வந்தது. அதற்குப் பிறகு அவர் கானாவுக்கு உயிரோடு திரும்பவே இல்லை.

மேற்கு ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து விடுபட்ட இரண்டு பெரிய நாடுகள். இரண்டுக்கும் முதல் குடியரசுத் தலைவராக வந்தவர்கள் ஒரே கல்லூரியின் பழைய மாணவர்கள். எந்தக் கல்லூரி என்று கேட்டால், ‘ஆக்ஸ்ஃபோர்டு பக்கம்’ என்று சொல்லலாம், பொய்யாகாது. ஆனால் இது இங்கிலாந்து ஆக்ஸ்ஃபோர்டு இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், செஸ்டர் கவுண்டியில், சோளமும் கறவை மாடுகளுமாக இருக்கும் பிரதேசத்தில் ஆக்ஸ்ஃபோர்டு என்று ஒரு சிற்றூர் உண்டு. அதன் புறத்தே இருக்கிறது லிங்கன் பல்கலைக்கழகம். பெயரில்தான் பல்கலைக்கழகம். முதல் நூறு ஆண்டுகளும் அது சில நூறு ஆண்பிள்ளைகள் படித்த, எப்போதும் பணமுடையில் தவித்த ஒரு தனியார் கல்லூரி.

இந்த இடத்துக்குத் தெற்கே சில மைல் நடந்தால் மேரிலாண்ட் எல்லை. 1850-களில் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் மனிதர்களை விற்கலாம், வாங்கலாம். இந்தப் பக்கம் கூடாது. சட்டம் அப்படிச் சொன்னதே தவிர, ஆள் கடத்துகிறவர்களுக்குக் கோடு ஏது? 1851-இல் செஸ்டர் கவுண்டியிலிருந்து எலிசபெத் பார்க்கர், ராச்சல் பார்க்கர் என்ற கறுப்பினச் சகோதரிகள், பிறப்பிலேயே சுதந்திரமானவர்கள், கடத்தப்பட்டார்கள். தாங்கள் அடிமைகள் அல்ல என்று பால்டிமோர் நீதிமன்றத்தில் நிலைநாட்டி ஊர் திரும்ப அவர்களுக்கு 1853 ஆகிவிட்டது. கறுப்பின மக்கள் படிப்பதற்காக ஒரு கல்லூரி அந்த ஊரில், அந்த நேரத்தில் முளைத்தது.

ஆரம்பித்து வைத்தவர் ஜான் மில்லர் டிக்கி என்ற வெள்ளைக்கார பிரெஸ்பிடீரியன் போதகர். மனைவி சாரா எம்லன் கிரெஸன் குவேக்கர் குடும்பத்துப் பெண். ஜேம்ஸ் ரால்ஸ்டன் ஏமஸ் என்ற கறுப்பின இளைஞர் இறையியல் படித்துப் போதகராக விரும்பினார். அவருக்காக டிக்கி பிரின்ஸ்டன் உட்படக் கதவுகளைத் தட்டிப் பார்த்தார். ஒன்றும் திறக்கவில்லை. சரி, நாமே ஒன்று கட்டிவிடுவோம் என்று இறங்கிவிட்டார். 1854 ஏப்ரல் 29 அன்று மாநில அரசு பட்டயம் கொடுத்தது. கறுப்பினத்தவருக்குக் கல்லூரிப் பட்டம் வழங்க என்றே தொடங்கிய முதல் நிறுவனம் நாங்கள்தான் என்று லிங்கன் சொல்லிக்கொள்ளும். அதே மாநிலத்தில் 1837-லேயே வேர்விட்ட செய்னி பல்கலைக்கழகம் இதை ஒப்புக்கொள்ளாது. செய்னி பள்ளியாகத் தொடங்கிப் பிறகு கல்லூரி ஆனது என்பது லிங்கன்காரர்களின் பதில். பழைய மாணவர்கள் கூடும் இடங்களில் இந்த வழக்கு இன்னும் தீர்ப்பாகவில்லை.

முதலில் வைத்த பெயர் லிங்கன் அல்ல, ‘ஆஷ்மன் இன்ஸ்டிட்யூட்’. இந்தப் பெயரைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஜெஹூடி ஆஷ்மன், அமெரிக்கக் குடியேற்றச் சங்கத்தின் சார்பில் லைபீரியாவை நிர்வகித்தவர். விடுதலை பெற்ற கறுப்பினத்தவரை அமெரிக்காவில் வைத்துக்கொள்ளாமல் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிடலாம் என்பதே 1816-இல் உருவான அந்தச் சங்கத்தின் திட்டம். அதில் இரக்கமுள்ளவர்களும் இருந்தார்கள். கறுப்பர்கள் கண்ணில் படாமல் தொலைந்தால் போதும் என்று நினைத்த அடிமை முதலாளிகளும் இருந்தார்கள். பிரெடரிக் டக்ளஸ் போன்ற கறுப்பினத் தலைவர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். ‘எங்கள் உழைப்பில் எழுந்த நாடு, நாங்கள் ஏன் போக வேண்டும்?’ என்பது அவர்கள் கேள்வி. டிக்கி நல்லவர்தான். ஆனால் அவர் கல்லூரியும் இந்தத் திட்டத்தின் பிள்ளைதான். படித்துவிட்டு ஆப்பிரிக்காவுக்குப் போய் ஊழியம் செய்ய ஆள் தயாரிக்கும் இடம். 1859-இல் ஜேம்ஸ் ஏமஸும் அவர் சகோதரர் தாமஸும் ஆர்மிஸ்டெட் மில்லர் என்பவரும் லைபீரியாவுக்குக் கப்பலேறினார்கள். திட்டம் சரியாகத்தான் நடந்தது.

பின்னால் நடந்தது திட்டத்தில் இல்லாதது. அமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு ஆள் அனுப்பப் போட்ட பாதையில், ஆப்பிரிக்காவிலிருந்து பிள்ளைகள் படிக்க வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் திரும்பிப் போய் சாம்ராஜ்யத்தின் அஸ்திவாரத்தையே அசைத்தார்கள். அந்தக் கதைக்கு முன்னால் இன்னும் அறுபது எழுபது ஆண்டுகளைக் கடக்க வேண்டும்.

ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்ட மறு ஆண்டு, 1866-இல், கல்லூரி அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தளை அறுந்த கையோடு வந்து சேர்ந்த முதல் தலைமுறை மாணவர்களில் வில்லியம் ட்ரூ ராபிசன் ஒருவர். வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்து தப்பி வந்தவர். இங்கே பட்டமும் இறையியலும் முடித்துப் போதகரானார். உலகப் புகழ்பெற்ற பாடகர் பால் ராபிசன் இவருடைய மகன். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1882-இல் மருத்துவப் பட்டம் வாங்கிய முதல் கறுப்பினத்தவரான நேதன் மோசலும் லிங்கன் மாணவர். இந்த மோசலின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சாவு வீட்டில் ஒரு பெரிய காரியம் நடக்கப்போகிறது.

அந்தத் தலைமுறைக் கதைகளில் என்னை உட்காரவைத்தது கிரிம்கி சகோதரர்களுடையது. ஆர்ச்சிபால்ட், ஃபிரான்சிஸ் இருவரும் தென் கரோலினாவில் ஹென்றி கிரிம்கி என்ற வெள்ளை முதலாளிக்கும் அவருடைய அடிமையாக இருந்த நான்சி வெஸ்டனுக்கும் பிறந்தவர்கள். தகப்பன் இறந்தபின், தகப்பனுடைய மூத்த தாரத்து மகனே இவர்களை அடிமைகளாக நடத்தினான். போர் முடிந்து இருவரும் லிங்கனில் சேர்ந்தார்கள். ஹென்றியின் தங்கை ஏஞ்சலினா கிரிம்கி அடிமை ஒழிப்பு மேடைகளில் பேர் பெற்றவர். பிறந்த வீட்டை விட்டு வடக்கே வந்துவிட்டவர். 1868-இல் லிங்கன் கல்லூரியைப் பற்றி ஒரு பத்திரிகையில் வந்த செய்தியில் கிரிம்கி என்ற பெயரைப் பார்த்தார். நம் வீட்டுப் பெயராயிற்றே என்று கடிதம் எழுதினார். பதில் வந்தது. தன் அண்ணன் பிள்ளைகள் என்று தெரிந்ததும் ஒளிக்கவில்லை, ஒதுக்கவில்லை. நேரில் போய்ப் பார்த்தார், படிப்புக்குக் கைகொடுத்தார். ஆர்ச்சிபால்ட் ஹார்வர்டில் சட்டம் படித்தார். ஃபிரான்சிஸ் போய்ச் சேர்ந்தது பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில். ஜேம்ஸ் ஏமஸுக்குச் சாத்திய கதவு ஒரு தலைமுறைக்குள் திறந்துவிட்டது.

பிரின்ஸ்டனுக்கும் லிங்கனுக்குமான உறவு விசித்திரமானது. பேராசிரியர்களில் பலர் பிரின்ஸ்டனில் படித்த வெள்ளைக்காரர்கள். ‘கறுப்பு பிரின்ஸ்டன்’ என்று செல்லமாகவும் கேலியாகவும் அழைக்கப்பட்டது கல்லூரி. லத்தீனும் கிரேக்கமும் கறாராகக் கற்பித்தார்கள். ஆனால் 1920-களின் இறுதியிலும் பேராசிரியர் நாற்காலியில் ஒரு கறுப்பினத்தவர்கூட உட்காரவில்லை. லாங்ஸ்டன் ஹியூஸ் 1926-இல் மாணவராக வந்தபோதே முதல் கவிதைத் தொகுப்பை வெளியிட்டுப் பெயர் வாங்கியிருந்தார். படிப்பு முடியும் தறுவாயில் சக மாணவர்களிடம் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தினார்: கறுப்பின ஆசிரியர்கள் வேண்டுமா? பெரும்பான்மையோர் வேண்டாம் என்றார்கள்! நம்மவர்களே நம்மை நம்பவில்லை என்று ஹியூஸ் வெளிப்படையாகவே எழுதினார். கல்லூரிக்கு அது பிடிக்கவில்லை. முதலில் பெரும்பான்மையோடு நின்ற பால்டிமோர் பையன் ஒருவன் அடுத்த ஆண்டு மனம் மாறி, வேண்டும் என்ற பக்கத்துக்கு ஓட்டு சேர்த்தான். பெயர் தர்குட் மார்ஷல். பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று 1954-இல் உச்ச நீதிமன்றத்தில் வாதாடி வென்றவரும், 1967-இல் அதே நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானவரும் இவர்தான்.

மார்ஷல் பட்டம் வாங்கிய அதே 1930-இல் பட்டம் வாங்கியவர் பெஞ்சமின் நம்டி அசிகிவே. நைஜீரியாவிலிருந்து கள்ளத்தனமாகக் கப்பலேறிப் பார்த்து, பாதிவழியில் இறங்க நேர்ந்து, கோல்டு கோஸ்ட்டில் (இன்றைய கானா) கொஞ்சநாள் போலீஸ்காரராக வேலைபார்த்து, அம்மா வந்து கூட்டிப்போய், கடைசியில் அப்பா தன் சேமிப்பிலிருந்து 300 பவுண்டு எடுத்துக் கொடுத்து 1925-இல் அமெரிக்கா வந்து சேர்ந்தவர். ஸ்டோரர், ஹோவர்டு என்று இரண்டு இடம் மாறி லிங்கனுக்கு வந்தார். பாத்திரம் கழுவியும் கிடைத்த கூலி வேலைகளைச் செய்தும் படித்தார். பிறகு அங்கேயே விரிவுரையாளர் ஆனார். ஆப்பிரிக்க வரலாறு என்று ஒரு பாடம் வேண்டும் என்று நிர்வாகத்தோடு மல்லுக்கு நின்றார். 1934-இல் ஆப்பிரிக்கா திரும்பி அக்ராவில் ‘ஆப்பிரிக்கன் மார்னிங் போஸ்ட்’ நாளிதழுக்கு ஆசிரியரானார்.

அந்தக் காலத்தில் மேற்கு ஆப்பிரிக்கப் படித்த குடும்பங்களின் கனவு லண்டன். பாரிஸ்டர் பட்டத்தோடு திரும்பினால் ஊரில் மதிப்பே தனி. அமெரிக்கப் பட்டத்தை ஆங்கிலேய அதிகாரிகள் இரண்டாந்தரமாகவே பார்த்தார்கள். அமெரிக்கா போய் வருகிறவன் கறுப்பின எழுச்சி பேசிய மார்க்கஸ் கார்வியின் பேச்சையும் மூட்டை கட்டிக்கொண்டு வருவான் என்ற பயமும் அவர்களுக்கு இருந்தது. அசிகிவே தன்னிடம் வந்த இளைஞர்களிடம் அமெரிக்காவுக்குப் போ, லிங்கனுக்குப் போ என்றே சொன்னார். லிங்கனுக்கு ஆப்பிரிக்காவில் கிளை இல்லை, ஏஜெண்ட் இல்லை, விளம்பரம் இல்லை. ஒரு பழைய மாணவரின் வாய் போதுமானதாக இருந்தது.

அந்தப் பேச்சுக்குக் காதுகொடுத்தவர்களில் ஒருவர் கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியர் நிக்ருமா. உறவினர்களிடம் பணம் புரட்டி 1935-இல் கிளம்பினார். வழியில் லண்டனில் இறங்கியபோது, எத்தியோப்பியா மீது முசோலினி படையெடுத்த செய்தி போஸ்டராகக் கண்ணில் பட்டது. ஊரே தனக்கு எதிராகப் போர் தொடுத்ததுபோல அப்போது இருந்தது என்று பிற்பாடு எழுதினார். லிங்கனுக்கு வந்து சேர்ந்தபோது வகுப்புகள் தொடங்கிவிட்டன. கையில் பணமும் இல்லை. இருந்தும் சேர்த்துக்கொண்டார்கள். நூலகத்தில் வேலை கொடுத்தார்கள். கோடை விடுமுறையில் நியூயார்க் ஹார்லெமில் தெருவில் மீன் விற்றார், கப்பலில் எடுபிடி வேலை செய்தார், தங்க இடமில்லாத இரவுகளில் சுரங்க ரயிலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்தபடியே தூங்கினார். போர்க்காலத்தில் செஸ்டர் நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தில் இரவு ஷிப்ட். ஞாயிற்றுக்கிழமைகளில் கறுப்பினத் தேவாலயங்களில் பிரசங்கம். ஒருமுறை பால்டிமோர் பஸ் நிலைய உணவகத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்டார். வெள்ளைக்காரப் பணியாள் எச்சில் துப்பும் கலத்தைக் காட்டி, அங்கே போய்க் குடி என்றான். நிக்ருமா தன் சுயசரிதையில் இதைக் குரலை உயர்த்தாமல்தான் சொல்கிறார்.

1939-இல் பட்டம், 1942-இல் லிங்கனிலேயே இறையியல் பட்டம், கூடவே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இரண்டு முதுகலைகள். லிங்கனில் தத்துவம் போதித்தார். 1945-இல் மாணவர் பத்திரிகை அவரை அந்த ஆண்டின் சிறந்த ஆசிரியராகத் தேர்ந்தெடுத்தது.

1938 கடைசியில் அசிகிவே ஊட்டிய ஆசையில் நைஜீரியாவிலிருந்து ஒரு குழுவே புறப்பட்டு வந்தது. அதில் எம்போனு ஓஜிகேயும் கே. ஓ. எம்பாடிவேயும் உண்டு. ஓஜிகே ஊர் திரும்பியபின் கோட்டு சூட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளூர் உடை, உள்ளூர் கள், உள்ளூர்ப் பெயர் என்று இயக்கமே நடத்தினார். நம் ஊர்ச் சுதேசிக்காரர்கள் கேட்டிருந்தால் கட்டிப்பிடித்திருப்பார்கள். கோல்டு கோஸ்ட்டிலிருந்து ஆக்கோ அட்ஜெய் வந்தார். ஹூஸ்டன் ஹால் என்ற விடுதிக் கட்டடத்தில் நிக்ருமா, ஆக்கோ அட்ஜெய், ஜோன்ஸ்-குவார்ட்டே ஆகியோர் ஒன்றாகக் குடியிருந்தார்கள். ராத்திரியெல்லாம் வாக்குவாதம். காலனிகள் ஒவ்வொன்றாக விடுதலை பெறுவதா, மேற்கு ஆப்பிரிக்கா முழுவதும் ஒரே நாடாக வேண்டுமா என்பதுதான் அங்கே ஓயாத சண்டை.

இந்த விடுதிச் சிநேகம் வரலாற்றில் என்ன செய்தது என்று பாருங்கள். 1947-இல் கோல்டு கோஸ்ட்டின் முதல் பெரிய தேசியக் கட்சி தொடங்கியபோது பொதுச்செயலாளர் பதவி ஆக்கோ அட்ஜெயைத் தேடி வந்தது. எனக்கு வேண்டாம், லண்டனில் நிக்ருமா இருக்கிறார், அவரைக் கூப்பிடுங்கள் என்று கைகாட்டியவர் அவர்தான். நிக்ருமா வந்தார், கட்சியை உடைத்துத் தனிக்கட்சி கண்டார், சிறைக்குப் போனார். 1951 பிப்ரவரியில் சிறையிலிருந்தபடியே தேர்தலில் வென்று, வெளியே வந்து ஆட்சித் தலைமை ஏற்றார். அதே ஆண்டு ஜூனில் லிங்கன் அவரை அழைத்து கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. ஆக்கோ அட்ஜெய் பிற்பாடு அவர் அமைச்சரவையில் வெளியுறவு அமைச்சர். 1962 ஆகஸ்டில் குலுங்குகு என்ற ஊரில் நிக்ருமா மீது குண்டு வீசப்பட்டது. சந்தேகத்தில் உள்ளே போனவர்களில் ஆக்கோ அட்ஜெயும் ஒருவர். நீதிமன்றம் விடுதலை செய்தது. நிக்ருமா தலைமை நீதிபதியையே வீட்டுக்கு அனுப்பினார், மறுவிசாரணை நடத்தினார், மரண தண்டனை தீர்ப்பானது, பிறகு சிறைத்தண்டனையாகக் குறைந்தது. ஒரே விடுதியில் தூங்கியவர்கள். 1966 புரட்சிதான் ஆக்கோ அட்ஜெயை வெளியே கொண்டுவந்தது.

நிக்ருமாவை 1951-இல் அழைத்தவர் லிங்கனின் முதல் கறுப்பினத் தலைவர் ஹொரஸ் மான் பாண்ட். கல்லூரி தொடங்கி 91 ஆண்டு கழித்து, 1945-இல்தான் ஒரு கறுப்பினத்தவர் அந்த நாற்காலிக்கு வர முடிந்தது. பழைய மாணவர், வரலாறும் சமூகவியலும் தெரிந்தவர். 1946 மே மாதம் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் வந்தது இவர் காலத்தில். கௌரவப் பட்டங்களை வாங்கத் தயங்கும் ஐன்ஸ்டைன் இந்தச் சின்னக் கல்லூரிக்கு வந்து, பையன்களுக்குச் சார்பியலை விளக்கி, நிறவெறி என்பது வெள்ளைக்காரர்களைப் பிடித்த நோய் என்று பேசிவிட்டுப் போனார். பெரிய பத்திரிகைகள் இதைக் கண்டுகொள்ளவில்லை. கறுப்பினப் பத்திரிகைகள்தான் எழுதின.

பாண்ட் ஆப்பிரிக்காவுக்குப் பலமுறை போய்வந்தார். லிங்கனின் எதிர்காலம் அங்கே இருக்கிறது என்று நம்பினார். உள்ளூரில் ஓட்டை விழுந்த கூரையைப் பார்க்காமல் உலகம் சுற்றுகிறார் என்று அறங்காவலர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். 1957 மார்ச் 6-இல் கானா விடுதலை பெற்ற விழாவுக்கு அவர் போனார். அதே ஆண்டு பதவி இழந்தார். லிங்கனின் நூறாண்டு முதலீடு பலன் தந்த வருடத்திலேயே அதைப் புரிந்துகொண்ட ஒரே தலைவரை வெளியேற்றினார்கள். நிர்வாகத்தில் பாண்டிடம் குறைகள் இருந்திருக்கலாம். ஆனாலும் இதைவிட மோசமான நேரத்தைத் தேடிப் பிடிக்க முடியாது.

1960 நவம்பரில் அசிகிவே நைஜீரியாவின் கவர்னர் ஜெனரலாகப் பதவியேற்றார். லாகோஸ் விழாவுக்குப் பழைய லிங்கன் தோழர் லாங்ஸ்டன் ஹியூஸை அழைத்திருந்தார். மார்ட்டின் லூதர் கிங்கும் வந்திருந்தார். தன் பதவியேற்பு உரையில் அசிகிவே சேர்த்துக்கொண்டது ஹியூஸின் கவிதை. அதே ஆண்டு தர்குட் மார்ஷல் லண்டனில் கென்ய அரசியலமைப்பு மாநாட்டில் உட்கார்ந்து அடிப்படை உரிமைகளுக்கு வரைவு எழுதிக்கொண்டிருந்தார். லிங்கனில் 1935-இல் பட்டம் வாங்கிய ஜேம்ஸ் ராபின்சன் என்ற போதகர் அமெரிக்க மாணவர்களை ஆப்பிரிக்கக் கிராமங்களுக்குத் தொண்டு செய்ய அனுப்பிவந்தார். ‘பீஸ் கோர்’ எனும் அமெரிக்கத் தொண்டர் அமைப்புக்கு இதுவே முன்னோடி என்று அதிபர் கென்னடி பாராட்டினார். ஆனால் அசிகிவேயும் நிக்ருமாவும் அதற்குள் ஒருவரைவிட்டு ஒருவர் விலகிவிட்டிருந்தார்கள். ஒன்றுபட்ட ஆப்பிரிக்கா உடனே வேண்டுமென்றார் நிக்ருமா, படிப்படியாக என்றார் அசிகிவே. ஹூஸ்டன் ஹால் விவாதம் இப்போது இரண்டு அரசாங்கங்களுக்கு இடையே நடந்தது.

பாண்ட் விட்டுச்சென்ற இன்னொரு சொத்து வினோதமானது. 1946-இல் டாக்டர் நேதன் மோசல் இறந்தார். சாவு வீட்டில் பாண்டுக்கு அறிமுகமானவர் ஆல்பர்ட் பார்ன்ஸ். ‘ஆர்ஜிரால்’ என்ற கிருமிநாசினியில் கோடி கோடியாகச் சம்பாதித்து, அதையெல்லாம் ஓவியங்களாக வாங்கிக் குவித்தவர். ரெனுவார் 181, செசான் 69, மத்தீஸ் 59, பிக்காசோ 46 என்று பிலடெல்பியாவை ஒட்டிய மெரியனில் ஒரு தனி உலகம். ஊர்ப் பெரிய மனிதர்களோடும் பல்கலைக்கழகங்களோடும் சண்டை போட்டே வாழ்ந்தவர். பாண்டைப் பிடித்துப்போயிற்று. 1950-இல் தன் அறக்கட்டளை விதியைத் திருத்தி, தனக்குப் பின் ஐந்து அறங்காவலர்களில் நால்வரை லிங்கன் நியமிக்கலாம் என்று எழுதிவைத்தார். மறு ஆண்டு ஜூலையில் லாரி மோதி இறந்தார்.

அந்த அதிகாரம் லிங்கன் கைக்கு வர 1980-களின் இறுதி ஆயிற்று. அதற்குள் லிங்கனே மாறிவிட்டது. 1950-களின் தொடக்கத்தில் பட்டயத்தைத் திருத்திப் பெண்களுக்குக் கதவைத் திறந்தார்கள். பணமுடை தாங்காமல் 1972-இல் மாநில நிதி பெறும் பல்கலைக்கழகமாகி, தனியார் கல்லூரி என்ற அத்தியாயத்தை முடித்துக்கொண்டது. நிக்ருமா நாடுகடந்து புக்காரெஸ்ட் மருத்துவமனையில் இறந்ததும் அதே ஆண்டுதான். அசிகிவே 1996 வரை இருந்தார். லிங்கனில் இப்போது சுமார் 2,000 மாணவர்கள் படிக்கிறார்கள்.

பார்ன்ஸ் ஓவியங்களின் மதிப்பு பல நூறு கோடி டாலர் என்று பேசப்பட்டபோது அறக்கட்டளையிடம் அன்றாடச் செலவுக்குப் பணமில்லை. ஓவியங்களை நகரத்துக்கு இடம்மாற்ற வேண்டும் என்றார்கள் பிலடெல்பியாவின் பெரிய நன்கொடையாளர்கள். மெரியனைவிட்டு ஒரு படத்தையும் அசைக்கக்கூடாது என்பது பார்ன்ஸ் எழுதிய விதி. லிங்கன் முதலில் நீதிமன்றத்தில் எதிர்த்தது. பிறகு கல்லூரிக் கட்டடங்களுக்குப் பல கோடி டாலர் மாநில நிதி என்ற வாக்குறுதி வந்தது; எதிர்ப்பு வாபஸானது. 2004 டிசம்பரில் நீதிபதி அனுமதி கொடுத்தார், 2012-இல் பிலடெல்பியா நகர நடுவே புதிய அருங்காட்சியகம் திறந்தது. அறங்காவலர் எண்ணிக்கை ஐந்திலிருந்து பதினைந்தானது. லிங்கனுக்கு அதில் ஐந்து இடம். கூரை ஒழுகும் கல்லூரி வேறென்ன செய்திருக்க முடியும் என்று கேட்பவர்களும் உண்டு, விற்றுவிட்டார்கள் என்று திட்டுபவர்களும் உண்டு. எனக்கு முதல் கட்சிமேல்தான் அனுதாபம். பார்ன்ஸ் இருந்திருந்தால் இரண்டு கட்சிமேலும் வழக்குப் போட்டிருப்பார்.